"மாத்திரை போட்டேனா இல்லையா?" - வீட்டு பெரியவங்க மருந்தும் கையில இருக்கற போனும்

எங்கப்பாவுக்கு 74 வயசு ஆகுது. அவரும் அம்மாவும் சங்கரன்கோவில்ல இருக்காங்க, நான் வேலைக்காக கோயம்புத்தூர் வந்து பதினோரு வருஷமாச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் வாரத்துல மூணு நாளாவது காலைல ஒன்பதரை மணி வாக்குல அப்பாகிட்ட இருந்து போன் வரும், எடுத்ததும் "ஏம்மா, காலை மாத்திரை போட்டேனா இல்லையான்னு ஞாபகமே வர மாட்டேங்குது, அம்மாவும் கடைக்கு போயிருக்கா, என்ன செய்ய?"ன்னு கேப்பார். அவ்ளோ தூரத்துல இருந்துட்டு நான் என்னத்த சொல்ல. அட்டையை எண்ணி பாருங்கப்பான்னு சொல்லுவேன், அவரும் எண்ணுவார், ஆனா நேத்து எத்தனை இருந்துச்சுன்னு தெரிஞ்சா தானே இன்னிக்கு எண்ணுறதுல பிரயோஜனம்.

அந்த ஒரு கேள்விக்கு போன் எப்படி பதில் சொல்லும்ங்கறத தான் இங்க எழுதப் போறேன். டெக்னிக்கலா எதுவும் தெரியாதவங்களுக்கு தான் இது, போன்ல அலாரம் வைக்க தெரிஞ்சா போதும், அதுவும் தெரியலன்னா பக்கத்து வீட்டு காலேஜ் பையன் பத்து நிமிஷத்துல வச்சு குடுத்துடுவான்.

முதல்ல, இது ஏன் பெரிய விஷயம்? போட்டேனா இல்லையான்னு சந்தேகம் வந்தா மனுஷன் ரெண்டுல ஒண்ணு தான் செய்வான். போடலன்னு நினைச்சு இன்னொண்ணு போட்டுக்குவான், இல்ல போட்டாச்சுன்னு நினைச்சு விட்டுடுவான். பிரஷர் மாத்திரைய ஒரு நாள் விட்டா அன்னிக்கே ஒண்ணும் தெரியாது, அதனால தான் அது நாலு நாளாகி நாப்பது நாளாகுது, பிரஷர் ஏறி கிடக்கறது உடம்புக்கு உறைக்கவே உறைக்காது. ஆனா கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரையையோ இன்சுலினையோ ரெண்டு தடவை போட்டுட்டா சில மணி நேரத்துலயே சுகர் தரை தட்டிடும், வேர்த்து கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும், வயசானவங்க அப்படியே மயங்கியும் விழுந்துடுவாங்க. மெடிசேஃப்னு ஒரு மாத்திரை ஆப் இருக்கு, அது பொறந்த கதையே இது தான். இஸ்ரேல்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரோட அப்பா, சுகர்காரர், இன்சுலின் போட்டோமா இல்லையான்னு தெரியாம ரெண்டாவது தடவை போட்டுக்கிட்டார், ஆபத்தாகி பிழைச்சார், அதுக்கப்புறம் தான் பசங்க ரெண்டு பேரும் சேர்ந்து 2012ல அந்த ஆப்பை ஆரம்பிச்சாங்க. எங்க அப்பா கேட்ட அதே கேள்வி, ஊர் தான் வேற.

உலக சுகாதார நிறுவனம் 2003ல ஒரு அறிக்கை விட்டாங்க, நீண்ட நாள் நோய்க்கு மருந்து எடுக்கறவங்கள்ல வசதியான நாடுகள்லயே சராசரியா பாதி பேர் தான் டாக்டர் சொன்னபடி எடுக்கறாங்கன்னு. ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ் எல்லாம் நல்லா இருக்கற ஊர்லயே பாதின்னா, நம்ம வீட்டு பெரியவங்க மறந்தா அவங்களை திட்டி என்ன ஆகப்போகுது.

அலாரத்துக்கு முன்னாடி லிஸ்ட்

மொபைல் வச்சு மாத்திரை பாத்துக்கறதுன்னு சொன்னதும் எல்லாருக்கும் அலாரம் தான் ஞாபகம் வரும். நானும் அங்க தான் ஆரம்பிச்சேன், அது தப்பு. என்ன மாத்திரை போடுறாங்கன்னே தெளிவா தெரியாம அலாரம் வச்சா, தப்பான மாத்திரையை கரெக்ட்டான நேரத்துக்கு போட வைக்கறோம், அவ்ளோ தான்.

அப்பாவுக்கு நடந்தத சொல்றேன். ஒரு காய்ச்சலுக்கு அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில இருந்துட்டு வீட்டுக்கு வந்தார், வரும்போது புது மாத்திரை ஒரு பை குடுத்து அனுப்பிச்சாங்க. வீட்ல ஏற்கனவே பழைய மாத்திரை பிஸ்கட் டப்பாவுல இருக்கு. புதுசுல ஒண்ணும் பழசுல ஒண்ணும் உள்ள இருக்கற மருந்து ஒண்ணே தான், கம்பெனி பேர் தான் வேற, கலர் வேற, அட்டை வேற. பழசை நிறுத்தணும்னு யாரும் வாய் விட்டு சொல்லல, அப்பாவும் கேக்கல, ரெண்டையும் ஒழுங்கா போட்டுட்டு வந்தார். மூணாம் நாள் பதினோரு மணிக்கு அம்மா போன்ல அழறாங்க, "அப்பாவுக்கு வேர்த்து ஊத்துதும்மா, பனியன் எல்லாம் நனைஞ்சு போச்சு, கூப்பிட்டா ஒரு மாதிரி பாக்கறார்"னு. சர்க்கரை தண்ணி குடுங்க, மிஷின்ல பாருங்கன்னு சொன்னேன். சுகர் 54க்கு இறங்கி இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரியே பஸ் ஏறிட்டேன்.

மறுநாள் திண்ணையில உக்காந்து அந்த டப்பாவை கவுத்து போட்டு பாத்தப்ப தான் எனக்கு எல்லாமே விளங்குச்சு. பாதி அட்டை மெடிக்கல்ல கத்தரிச்சு குடுத்தது, பத்து மாத்திரை அட்டையில நாலு வேணும்னா வெட்டி குடுப்பாங்கல்ல, அந்த வெட்டுல மருந்து பேர் ஒரு துண்டுக்கு போயிடும் எக்ஸ்பயரி தேதி இன்னொரு துண்டுக்கு போயிடும். மூணு துண்டுல பேரே இல்ல. ஒண்ணு எக்ஸ்பயரி ஆகி எட்டு மாசம்.

அதனால முதல் வேலை போட்டோ. எல்லா அட்டையையும் திருப்பி வச்சு, பேர் தெரியற மாதிரி, ஒவ்வொண்ணா நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுங்க. டாக்டர் சீட்டையும் எடுங்க, ஜிஎச்ல பாக்கறவங்களா இருந்தா அந்த நோட்டோட கடைசி பக்கத்தை எடுங்க. இப்ப போட்டோவை பெருசு பண்ணி அட்டையில பெரிய எழுத்துல இருக்கற கம்பெனி பேரை விட்டுட்டு, அதுக்கு மேலயோ கீழயோ பொடி எழுத்துல இருக்கற மருந்து பேரை படிங்க. அது தான் முக்கியம். டெல்மாவும் டெல்மிகைண்டும் ரெண்டுமே டெல்மிசார்டன்ங்கற பிரஷர் மருந்து தான். கிளைகோமெட்டும் கிளைசிஃபேஜும் மெட்ஃபார்மின்ங்கற சுகர் மருந்து தான். தைரோநார்ம், எல்ட்ராக்சின் ரெண்டும் ஒரே தைராய்டு மருந்து. இன்னும் குழப்பறது கூட்டு மாத்திரை, ஏஎம், ஹெச், ஏவி, ஜிபின்னு பின்னாடி ஒட்டிக்கிட்டு வரும், டெல்மா ஏஎம்னா உள்ள டெல்மிசார்டனும் அம்லோடிபினும் ரெண்டும் இருக்கு, அதுகூட தனியா ஒரு அம்லோடிபின் அட்டையும் டப்பாவுல கிடந்தா அது டாக்டர் வேணும்னே குடுத்ததா இல்ல பழசு தங்கிப் போச்சான்னு கேட்டே ஆகணும். நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, ஒரே பேர் ரெண்டு இடத்துல வருதான்னு மட்டும் பாருங்க, வந்தா அந்த போட்டோவை டாக்டர்கிட்ட காட்டுங்க.

இதுல உதவற விஷயம் ஒண்ணு இருக்கு, நிறைய பேர் கவனிக்கறதில்ல. இந்தியாவுல அதிகமா விக்கற 300 பிராண்டு மருந்துகளுக்கு 2023 ஆகஸ்ட் 1ல இருந்து பார்கோடோ க்யூஆர் கோடோ போட்டே ஆகணும்னு சட்டம் வந்துருச்சு. அதை போன்ல ஸ்கேன் பண்ணா மருந்தோட பொதுப்பேர், கம்பெனி, பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி, எக்ஸ்பயரி எல்லாம் வரணும். எல்லா மாத்திரைக்கும் இது கிடையாது, கத்தரிச்ச துண்டுல கோடு இருக்கவும் போறதில்ல, ஆனா முழு அட்டையா வாங்கினா இது ஒரு நல்ல துணை. அதனாலயே இப்ப அப்பாவுக்கு முழு அட்டையா தான் வாங்கறோம்.

லிஸ்ட்டை போன்ல நோட்ஸ்லயே எழுதலாம், வாட்ஸ்அப்ல உங்களுக்கு நீங்களே அனுப்பி பின் பண்ணியும் வைக்கலாம். ஒரு வரிக்கு ஒரு மாத்திரை: மருந்து பேர், எத்தனை மில்லிகிராம், எதுக்கு, எப்போ, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, யார் எழுதி குடுத்த டாக்டர். சீட்டுல 1-0-1னு இருந்தா காலை ஒண்ணு மதியம் இல்ல ராத்திரி ஒண்ணு, இது பெரும்பாலும் எல்லாருக்கும் தெரியும். எதுக்குன்னு எழுதறத மட்டும் விட்டுடாதீங்க, "பிரஷருக்கு", "ரத்தம் கட்டாம இருக்க" அப்படின்னு நம்ம வார்த்தையிலயே எழுதுங்க, ஏன்னா எதுக்குன்னு தெரியாத மாத்திரைய தான் பெரியவங்க முதல்ல நிறுத்துவாங்க. இந்த லிஸ்ட்ட அண்ணன் தங்கச்சி எல்லார் போன்லயும் வச்சிருங்க. போன் செட்டிங்ஸ்ல எமர்ஜென்சி இன்ஃபர்மேஷன்னு ஒரு இடம் இருக்கும், அதுல அலர்ஜி, போடுற மருந்து, கூப்பிட வேண்டிய நம்பர் எல்லாம் போட்டு வச்சா லாக் ஆன போன்லயே மத்தவங்க பாக்க முடியும், பஸ்ல மயங்கினாலும் 108ல வர்றவங்களுக்கு அது கண்ணுல படும்.

நேரம்: கடிகாரத்தை விட காபி முக்கியம்

இப்ப அலாரம். எட்டு மணி, ரெண்டு மணி, எட்டு மணின்னு வச்சா பாக்க அழகா இருக்கும், வீட்டு வாழ்க்கை அப்படி ஓடறதில்ல. எங்கம்மாவுக்கு தைராய்டு மாத்திரை, வெறும் வயித்துல தண்ணில போட்டுட்டு அரை மணில இருந்து ஒரு மணி நேரம் வேற எதுவும் சாப்பிடக்கூடாது, காபியும் கூடாது, காபி அந்த மருந்து உடம்புல சேர்றத குறைச்சுடும். எங்கம்மா எந்திரிச்சு பால் காய்ச்சி காபி குடிச்சா தான் கண்ணே தொறப்பாங்க. பல வருஷமா மாத்திரையையும் காபியையும் ஒண்ணா குடிச்சிருக்காங்க, டெஸ்ட்ல தைராய்டு சரியாகவே இல்லன்னு டாக்டர் டோஸ் ஏத்திக்கிட்டே போயிருக்கார். கூடவே கால்சியம் மாத்திரை வேற, அதுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேணும், இவங்க ரெண்டையும் சேர்த்தே முழுங்கிட்டு இருந்தாங்க. இப்ப அஞ்சரைக்கு அலாரம், பேர் "தைராய்டு - தண்ணி மட்டும்". ஆறரைக்கு இன்னொரு அலாரம், அதோட பேர் "இப்ப காபி குடிக்கலாம்". மாத்திரைக்கு வச்ச அலாரத்தை விட அந்த காபி அலாரத்துக்கு தான் அம்மா காத்துட்டு இருப்பாங்க, அதனாலயே முதல் அலாரம் தப்பறதில்ல.

அதே மாதிரி கிளிமிபிரைடு போடுறவங்க சாப்பாட்டோட சேர்த்து தான் போடணும், மாத்திரைய போட்டுட்டு "பசிக்கல, அப்புறம் சாப்பிடறேன்"னு உக்காந்தா சுகர் இறங்கிடும். ஏகாதசி, சஷ்டி, கிருத்திகைன்னு விரதம் இருக்கறவங்க அன்னிக்கு என்ன செய்யணும்னு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு அலாரம் பேர்லயே எழுதி வைக்கணும், நோன்பு காலத்துக்கும் இதே தான். அலாரம் மணியை பாத்து அடிக்கும், வீட்ல சாப்பாடு ஆச்சான்னு அதுக்கு தெரியாது, அதனால அலாரம் பேர் "இட்லி சாப்பிட உக்காரும்போது சுகர் மாத்திரை"ன்னு இருந்தா நல்லது.

வாரத்துக்கு ஒரு தடவை போடுற மாத்திரையும் இருக்கு, மூட்டுவாதத்துக்கு குடுக்கற மெத்தோட்ரெக்சேட் அப்படி, அதை தெரியாம தினமும் போட்டா ரத்த அணுக்களே குறைஞ்சு உயிருக்கு ஆபத்தாயிடும். அதுக்கு அலாரத்துல அந்த ஒரு கிழமை மட்டும் தொட்டு வைங்க, அந்த அட்டையை மத்த மாத்திரை டப்பாவுல வைக்கவே வைக்காதீங்க, தனி இடம்.

அலாரம் எத்தனைன்னு பாத்துக்கோங்க. ஒரு நாளைக்கு ஏழு எட்டு அடிச்சா ஒரு வாரத்துல அது சுவர்க்கோழி சத்தம் மாதிரி ஆயிடும், யாரும் திரும்பி பாக்க மாட்டாங்க. அப்பா டாக்டர்கிட்ட "சார், இதை மூணு நேரத்துக்குள்ள கொண்டு வர முடியுமா"ன்னு கேட்டேன், அவர் சீட்டை பாத்துட்டு சில மாத்திரைகளை சேர்த்து ஒரே நேரத்துக்கு மாத்தி குடுத்தார், ஆறு நேரம் மூணாச்சு. கேட்டா செய்வாங்க, நாம தான் கேக்கறதில்ல.

சத்தம் விஷயம் ஒண்ணு. வயசாக ஆக கீச்சுன்னு வர்ற மேல் சத்தம் தான் முதல்ல காதுல விழாம போகும், போன்ல வர்ற டிங் டிங் டோன் எல்லாம் அந்த ரகம். கொஞ்சம் கனமான சத்தமா, இல்ல மனுஷ குரலா வைங்க. நிறைய ஆண்ட்ராய்டு போன்ல கூட வர்ற கடிகார ஆப்லயே சொந்த ரெக்கார்டிங்கை அலாரமா வைக்க முடியும், என் பொண்ணு "தாத்தா, மாத்திரை போட்டாச்சா, போட்டுட்டு ஆஃப் பண்ணுங்க"ன்னு பேசினதை வச்சேன். அந்த "போட்டுட்டு ஆஃப் பண்ணுங்க" ரொம்ப முக்கியம். நிறைய பேர் அலாரத்தை ஆஃப் பண்ணிட்டு மாத்திரை எடுக்க எந்திரிப்பாங்க, நடுவுல வாசல்ல காய்கறிக்காரர் கூப்பிடுவார், போச்சு. மாத்திரை வாயில போற வரைக்கும் அலாரம் கத்தட்டும், அது தான் பழக்கம்.

ஆப் வேணுமா வேணாமா

கடிகார அலாரமே பாதி வீட்டுக்கு போதும். ஆப் எப்போ வேணும்னா, மாத்திரை அஞ்சாறுக்கு மேல போகும்போது, இல்ல வேற ஊர்ல இருந்து யாராவது கவனிக்கணும்னா. மெடிசேஃப் மாதிரி ஆப்கள்ல மாத்திரை பேர், நிறம், நேரம் எல்லாம் போட்டு வச்சா அந்த நேரத்துக்கு கேக்கும், போட்டாச்சுன்னு தொட்டா பதிவாகும், தொடலன்னா நீங்க சேத்து வச்சிருக்கற சொந்தக்காரர் போனுக்கு தகவல் போகும். இப்ப "போட்டேனா இல்லையா"ங்கற கேள்விக்கு திரையிலயே பதில் இருக்கு, எத்தனை மணிக்கு போட்டாருன்னு கூட இருக்கு. ஐபோன் வச்சிருக்கறவங்களுக்கு தனி ஆப்பே வேணாம், 2022ல வந்த ஐஓஎஸ் 16ல இருந்து ஹெல்த் ஆப்குள்ளயே மருந்துக்குன்னு ஒரு பகுதி இருக்கு.

ஆப் போடுறதுக்கு முன்னாடி மூணு நாலு விஷயம் பாருங்க. இலவசமா எத்தனை மாத்திரை வரைக்கும் போடலாம், எழுத்து பெருசா தெரியுமா, நெட் இல்லாட்டியும் அடிக்குமா. அப்புறம் இந்த ஒண்ணு, நிறைய ஆண்ட்ராய்டு போன்ல பேட்டரி மிச்சம் பண்றேன்னு பின்னாடி ஓடற ஆப்பை எல்லாம் போனே நிறுத்திடும், முதல் நாலு நாள் ஒழுங்கா அடிச்ச ஆப் அஞ்சாம் நாள் சத்தமே போடாது, அம்மா அப்பா தான் ஏதோ தப்பா தொட்டுட்டாங்கன்னு நாம நினைப்போம். செட்டிங்ஸ்ல அந்த ஆப்போட பேட்டரி பகுதிக்கு போய் கட்டுப்பாடு இல்லாம ஓடட்டும்னு மாத்தி விடுங்க, நோட்டிஃபிகேஷன் அனுமதியும் குடுங்க, குடுத்துட்டு ஒரு வாரம் கூடவே இருந்து பாருங்க. கான்டாக்ட், கேலரி, மெசேஜ் எல்லாத்துக்கும் அனுமதி கேக்கற மாத்திரை ஆப் நமக்கு வேணாம்.

போட்டதுக்கு அத்தாட்சி

இதுக்கு நம்ம நாட்டுலயே ஒரு அருமையான உதாரணம் இருக்கு, 99 டாட்ஸ்னு பேர். டிபி நோயாளிகளுக்காக மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியா பக்கம் இருந்து வந்த யோசனை. மாத்திரை அட்டையை சுத்தி ஒரு காகித உறை, மாத்திரையை அழுத்தி வெளிய எடுத்தா தான் அதுக்கு பின்னாடி மறைஞ்சிருக்கற போன் நம்பர் தெரியும், அந்த நம்பருக்கு காசில்லாம ஒரு கால் பண்ணணும். எந்த மாத்திரைக்கு பின்னாடி எந்த நம்பர்னு முன்கூட்டியே சொல்ல முடியாது, அதனால கால் வந்தா மாத்திரையை எடுத்துட்டாருன்னு அர்த்தம், வரலன்னா சுகாதார ஊழியருக்கு தகவல் போகும். ஸ்மார்ட்போன் வேணாம், நெட் வேணாம், படிக்க தெரிய வேணாம், சாதா பட்டன் போன் போதும். எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது அது தான்.

ஆனா அதுலயும் ஒரு ஓட்டை தெரிஞ்சுது. சென்னை, வேலூர், மும்பையில நோயாளிகளோட சிறுநீரை டெஸ்ட் பண்ணி மருந்து உடம்புல இருக்கான்னு பாத்து அந்த கால் கணக்கோட ஒப்பிட்டாங்க, ரெண்டும் எப்பவும் ஒத்துப் போகல. கால் பண்ணவங்கள்ல மருந்து போடாதவங்களும் இருந்தாங்க, போட்டுட்டு கால் பண்ணாதவங்களும் இருந்தாங்க. நம்ம வீட்டு ஆப்லயும் இதே கதை தான், போட்டாச்சுன்னு தொடறது ஒரு விரல் வேலை, முழுங்கறது வேற வேலை.

அதனால நாங்க ரொம்ப எளிசா ஒண்ணு பண்ணோம். ஏழு நாளைக்கு ஏழு கட்டம் உள்ள மாத்திரை பெட்டி மெடிக்கல்லயே கிடைக்கும், அதுல ஞாயித்துக்கிழமை அம்மா காலை மாத்திரையை நிரப்புவாங்க, நான் வீடியோ கால்ல பாத்துட்டு இருப்பேன். (ரத்தம் உறையாம இருக்க குடுக்கற டபிகாட்ரான் மாதிரி சில மாத்திரை அட்டைல இருந்து முன்னாடியே எடுத்து வச்சா ஈரம் பட்டு கெட்டுடும், எதை பெட்டியில போடலாம்னு மெடிக்கல்ல கேட்டுக்கோங்க.) காலைல சாப்பிட்டதும் அன்னிக்கு கட்டம் காலியா இருக்கறதை அப்பா ஒரு போட்டோ எடுத்து குடும்ப குரூப்ல போடுவார். அவ்ளோ தான். வாட்ஸ்அப் அவருக்கு ஏற்கனவே தெரியும், புதுசா எதுவும் கத்துக்க வேண்டியதில்ல, போட்டோவுக்கு கீழ நேரமும் தானா வந்துடும். சித்தப்பா ஒரு கும்பிடு போடுவார், என் பொண்ணு ஒரு ஹார்ட்டு போடுவா. முதல் வாரம் அப்பாவுக்கு கொஞ்சம் கூச்சமா தான் இருந்துச்சு, "நான் என்ன சின்ன புள்ளையா"ன்னு கேட்டார். நான் சொன்னேன், இது உங்கள செக் பண்றதுக்கு இல்லப்பா, ஒன்பதரைக்கு நீங்க யோசிச்சு தவிக்காம இருக்கறதுக்கு, சந்தேகம் வந்தா குரூப்பை தொறந்து பாருங்க, அதுல உங்க போட்டோ இருந்தா போட்டாச்சு. அப்புறம் அவர் எதுவும் சொல்லல. சம்மதம் கேக்காம பெரியவங்க போன்ல எதையும் போட்டு வைக்காதீங்க, அவங்க உடம்பு, அவங்க மருந்து.

மறதி மட்டுமா காரணம்?

அமெரிக்காவுல 50,000 பேருக்கு மேல வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2017ல வெளியிட்டாங்க. மாத்திரை பெட்டி, கடைசியா போட்டு எவ்ளோ நேரமாச்சுன்னு காட்டற டைமர் மூடி, அன்னிக்கு போட்டாச்சுன்னு தள்ளி குறிக்கற பட்டை, இந்த மாதிரி மலிவான ஞாபகப்படுத்தற சாமான்களை குடுத்து ஒரு வருஷம் பாத்தாங்க, குடுத்தவங்களும் குடுக்காதவங்களும் மருந்து எடுக்கறதுல வித்தியாசமே இல்ல. அதுல இருந்தது 65 வயசுக்கு கீழ உள்ளவங்க தான்னாலும், எனக்கு அதை படிச்சப்ப ஒண்ணு உறைச்சுது, சாமானை குடுத்துட்டு ஆளை விட்டுட்டா நடக்காது.

ஏன்னா நம்ம பெரியவங்க பாதி நேரம் மறக்கறதில்ல, வேணும்னே விடறாங்க. "தினமும் மாத்திரை போட்டா கிட்னி போயிடும்னு எதுத்த வீட்டு மதினி சொன்னா", "இப்ப தான் பிரஷர் நார்மலா இருக்கே எதுக்கு", "இங்கிலீஷ் மருந்து சூடு". நார்மலா இருக்கறதே மாத்திரையால தான்னு யாராவது உக்காந்து சொல்லணும், அதை எந்த ஆப்பும் சொல்லாது. இன்னும் சில பேருக்கு நிஜமாவே தொந்தரவு இருக்கும், அம்லோடிபின்ல கணுக்கால் வீங்கும், எனலாப்ரில் ராமிப்ரில்ல வறட்டு இருமல் வரும், மெட்ஃபார்மின்ல வயிறு கலக்கும், அதை டாக்டர்கிட்ட சொல்ல தயங்கி தானா நிறுத்திடுவாங்க. இந்த இடத்துல போன் நல்லா உதவும். கால் வீங்கினா போட்டோ எடுங்க, வீட்ல பிரஷர் பாத்தா மிஷின் நம்பரை போட்டோ எடுங்க, என்ன கஷ்டம்னு அவங்க வாயாலயே வாய்ஸ் மெசேஜா பேசி அனுப்ப சொல்லுங்க. டாக்டர் முன்னாடி போய் உக்காந்தா ரெண்டு நிமிஷத்துல எல்லாம் மறந்துடும், எங்கப்பா "நல்லா இருக்கேன் டாக்டர்"னு மட்டும் தான் சொல்லுவார், அந்த வாய்ஸ் மெசேஜை போட்டு காட்டினதுல தான் ஒரு மாத்திரையே மாறுச்சு.

சில பேர் காசுக்காக ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவாங்க, வாய் தொறந்து சொல்ல மாட்டாங்க. ஜன் அவுஷதி சுகம்னு மத்திய அரசு ஆப் இருக்கு, பக்கத்துல எங்க ஜன் அவுஷதி கடை இருக்கு, அதே மருந்து அங்க என்ன விலைன்னு அதுல பாக்கலாம். தமிழ்நாட்டுல முதல்வர் மருந்தகம் 1000 கடை 2025 பிப்ரவரி 24ல தொறந்தாங்க. 2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிரஷர், சுகர் மாத்திரைய வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்கறாங்க, கொண்டு வர்ற அக்கா நம்பரை பெரியவங்க போன்ல சேவ் பண்ணி வைங்க, மாத்திரை தீர பத்து நாள் முன்னாடியே ஒரு அலாரம் வைங்க. அட்டை தீர்ந்த அன்னிக்கு தான் தேடுவோம், அன்னிக்குன்னு பாத்து மழை பெய்யும்.

போனை நம்பக் கூடாத இடம்

ஒரு வேளை விட்டுப் போச்சுன்னா என்ன பண்றதுன்னு நெட்ல தேடாதீங்க. அது மருந்துக்கு மருந்து மாறும். இன்சுலினுக்கு ஒண்ணு, ரத்தம் உறையாம இருக்க போடுற மருந்துக்கு ஒண்ணு. டாக்டரை பாக்கும்போதே "இது விட்டுப் போனா என்ன செய்யணும்"னு ஒவ்வொண்ணுக்கும் கேட்டு லிஸ்ட்ல பக்கத்துலயே எழுதிடுங்க. விட்டதை ஈடு கட்ட ரெண்டா சேர்த்து போடறத மட்டும் டாக்டர் சொல்லாம எப்பவுமே பண்ணாதீங்க. அவசரத்துக்கு டாக்டர் கிடைக்கலன்னா அரசு மருத்துவ ஆலோசனை நம்பர் 104க்கு போட்டு கேக்கலாம், மயக்கம் வலின்னா யோசிக்காம 108.

மறதி நோய் ஆரம்பிச்சவங்களுக்கு அலாரம், ஆப் எதுவுமே போதாது. அலாரம் எதுக்கு அடிக்குதுன்னே புரியாம பயப்படுவாங்க, இல்ல ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் ஒண்ணு போட்டுக்குவாங்க. அவங்களுக்கு ஒரு ஆள் கையில எடுத்து குடுக்கணும், மாத்திரை பூட்டி இருக்கணும், அலாரம் அந்த எடுத்து குடுக்கற ஆளோட போன்ல இருக்கணும்.

அப்புறம் மருந்து டெலிவரி, ஆர்டர் கேன்சல்னு சொல்லி ஓடிபி கேட்டு எவனாவது கூப்பிட்டா கட் பண்ணிட்டு உங்களுக்கு போன் பண்ண சொல்லி வைங்க. எத்தனை பெரியவங்க பென்ஷன் காசு இப்படி போயிருக்கு.

ஒரு நாள் அப்பாகிட்ட இருந்து காலை போட்டோ வரல. எட்டரை, ஒன்பது, ஒன்பதே கால். போன் பண்ணா ஸ்விட்ச் ஆஃப். அம்மாவோடதும் போகல. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு போட்டேன், ராத்திரி முழுக்க கரண்ட் இல்லம்மா, போனெல்லாம் செத்துக் கிடக்கு, இரு பாத்துட்டு வர்றேன்னு போனார். ரெண்டு நிமிஷத்துல அவர் போன்லயே அப்பா பேசினார். "போட்டாச்சும்மா, பதறாத." எப்படிப்பா உறுதியா சொல்றீங்க, அலாரமும் அடிச்சிருக்காதேன்னு கேட்டேன். அப்ப தான் சொன்னார், கொஞ்ச நாளாவே காலை மாத்திரை முழுங்கின கையோட தான் சுவர்ல இருக்கற தினசரி காலண்டர்ல நேத்து தாளை கிழிக்கறாராம். "இன்னிக்கு தேதி தெரிஞ்சா போட்டாச்சு, நேத்து தேதி தொங்குனா போடலன்னு கணக்கு. இப்ப பாரு, பன்னெண்டாம் தேதி தெரியுது"ன்னார். அன்னிக்கு சாயங்காலம் கரண்ட் வந்ததும் குரூப்ல ஒரு போட்டோ வந்துச்சு, காலி கட்டம் இல்ல, அந்த காலண்டர்.